ஒரு வாரப் பாத்திரம்

திரைப்பட விருது விழா தொடங்கியதிலிருந்து, அரங்கில் உட்கார்ந்திருந்த அனம் யார் பெயரைச் சொன்னாளோ அவர்களுக்கே விருது போய்க்கொண்டிருந்தது. கணவன் அஃப்னான் சொன்ன ஒன்றுகூடப் பலிக்கவில்லை.

“மச்சான், பந்தயப்படி ஒரு வாரத்துக்கு நீங்கதான் பாத்திரம் கழுவணும்!”

“எடிட்டிங் விருது பாக்கி இருக்கு லா. அதுல நான் சொன்ன ஆள் ஜெயிச்சா, நீ கழுவு.”

“சரி. அது அந்தக் கொரியாக்காரருக்குத்தான்.” அனம் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டிக்கொண்டாள்.

மேடையில் உறையைப் பிரித்தார்கள்.

“சிறந்த படத்தொகுப்பு... சிங்கப்பூரின் அனம் சாகுல் ஹமீது!”

அரங்கமே எழுந்து கைதட்டியது. அனம் மட்டும் குனிந்து நாற்காலிக்கடியில் துழாவினாள்.

“செருப்பு எங்க மச்சான்?”

“வெறுங்காலோட போ லா!” என்றான் அஃப்னான், கண்ணைத் துடைத்துக்கொண்டே. “விருதை வாங்கிட்டு வந்து பாத்திரத்தைக் கழுவு!”