நாலு விரல் சிவப்பு

பூமியைத் துளைத்து எடுத்த கல்லுருளைகள் பெட்டி பெட்டியாக வெயிலில் கிடந்தன. எல்லாம் எரிமலைக் குழம்பு உறைந்த கறுப்பு பசால்ட். ஒரே ஓர் இடத்தில் நாலு விரல் அகலத்துக்குச் சுட்ட செங்கல் போலச் சிவப்பு.

"இது என்ன மேடம்?" என்று புவியியலாளர் சுகந்தியிடம் கேட்டார் ட்ரில்லர் இருதயராஜ்.

"மண்ணுண்ணே. குழம்பு வர்றது நின்னிருந்தப்ப உண்டானது. வேர் ஓடின தடம்கூட இருக்கு பாருங்க."

சுகந்தியின் கைப்பேசியில் கணவனின் குரல்செய்தி வந்தது. பொறுக்காமல் அங்கேயே அழுத்தினாள். "மூணு மாசமா குடிக்கிறதே இல்ல. இனிமே கை நீட்ட மாட்டேன். வந்துடு."

இருதயராஜ் காதில் விழாதவர்போல் சிவப்பைத் தடவினார். "எவ்வளவு காலம் சும்மா இருந்திருக்கும்?"

"செடி நம்பி முளைக்கிற அளவுக்கு."

"அப்புறம்?"

சிவப்புக்கு மேலிருந்து எடுத்த ஒன்பது கறுப்புப் பெட்டிகளைக் காட்டினாள். கைப்பேசி அடிக்க ஆரம்பித்தது.