மொழிபெயர்க்க வந்தவள்

சமூகப்பணியாளரின் அறைக் கதவு திறந்ததும் என் தங்கை ஸ்ரெல்லா கழுத்துச் சால்வையை அவிழ்த்துக் கையில் எடுத்துக்கொண்டாள்.

காட்டுவதென்ற முடிவோடு வந்திருந்தாள். கணவனின் விரல்கள் அங்கே நீலமாகக் கிடந்தன.

அந்தச் சமூகப்பணியாளரைக் கண்டுபிடிக்க எங்களுக்கு ஒரு குளிர்காலம் போயிற்று. ஆறுதல் சொல்லவும், பொறுத்துப் போ என்று செபிக்கவும் பலேர்மோ நகரத்தில் எங்கள் தமிழ் ஆட்கள் வீட்டுக்கு வீடு இருந்தார்கள். எங்களுக்கு வேண்டியது, இதற்கென்றே படித்து, அரசுப் பதிவு பெற்று, கேட்டதை வெளியே சொல்லாத ஒருத்தி. நான் வேலை செய்யும் வீட்டு இத்தாலிய எசமானி, சின்னோராதான் கடைசியில் விசாரித்துத் தந்தாள்.

ஸ்ரெல்லாவுக்கு இத்தாலிய மொழி தெரியாது. எனக்குத் தெரிந்தது தரை துடைக்கவும் பல்லரோச் சந்தையில் மீன் விலை கேட்கவும் போதும். கழுத்தை நெரிக்கிறான் என்று சொல்லப் போதாது.

மொழிபெயர்க்க ஒரு தமிழ்ப் பெண்ணை ஒழுங்கு செய்கிறேன், கவலைப்படாதீர்கள் என்று சமூகப்பணியாளர் தொலைபேசியில் சொல்லியிருந்தாள்.

பஸ்ஸில் வரும்போது ஸ்ரெல்லா சிரித்தாள். நெடுநாளைக்குப் பிறகு.

"அக்கா, நான் எல்லாத்தையும் கொட்டினா மொழிபெயர்க்க வாற மனுசி இண்டைக்கே வேலையை விட்டிட்டு ஓடிப்போகும், பார்."

உள்ளே, மேசைக்குப் பக்கத்தில் இருந்த தமிழ்ப் பெண் எங்களைக் கண்டு எழுந்து நின்றாள்.

சமூகப்பணியாளர் நிமிர்ந்து பார்க்கும் முன் ஸ்ரெல்லா சால்வையை மறுபடி சுற்றினாள்.

சமூகப்பணியாளர் நல்லவள். தமிழுக்கு இவரைவிடத் திறமான ஆள் இந்த நகரத்தில் இல்லை என்று பெருமையாக அறிமுகம் செய்தாள். பிறகு, மெதுவாக, கேட்கவேண்டியதைக் கேட்டாள்.

"வீட்டிலை ஏதும் கரைச்சலோ எண்டு கேக்கிறா," என்றாள் அந்தத் தமிழ்ப் பெண். "பயப்பிடாமச் சொல்லட்டாம்."

"ஒரு கரைச்சலும் இல்லை," என்றாள் ஸ்ரெல்லா. "அவர் என்னை வடிவாப் பாக்கிறார்."

நான் உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். மேசைக்குக் கீழே ஸ்ரெல்லா என் காலை மிதித்தாள்.

அந்தப் பெண் ஒரு சொல்லும் விடாமல், ஒரு சொல்லும் கூட்டாமல், அழகான இத்தாலிய மொழியில் அதைச் சொன்னாள். சமூகப்பணியாளர் தலையசைத்தாள். அவளுக்கு நிம்மதியாகக்கூட இருந்திருக்கலாம்.

ஈஸ்டருக்கு முன் ஸ்ரெல்லாவை அடக்கம் செய்தோம். படியில் தவறி விழுந்தாளாம்.

இத்தாலியப் பாதிரியார் சொன்ன ஆறுதலை எங்களுக்குத் தமிழில் சொன்னவளும் அதே பெண்தான். பக்கத்தில் நின்ற தன் தம்பியின் கையைப் பிடித்தபடி சொன்னாள்.

அவன் ஸ்ரெல்லாவின் கணவன்.