மாமன் மடி

இரண்டு மணி நேரம்தான் என்று ஒலிபெருக்கி மறுபடியும் சொன்னது.

அவன், கப்பலின் வரவேற்பு மேசைக்குப் பின்னால் நின்ற பெண்ணின் முகத்தைப் பார்த்தான். அவள் சிரித்தபடியே இருந்தாள். எல்லாருக்கும் அதே சிரிப்பு.

பின்னாலிருந்து கூட்டம் நெருக்கியது.

"பினாங்குல முழு நாள்னு சொல்லித்தானே காசு வாங்குனீங்க?"

"இன்ஜின் கோளாறாம். லேட்டா வந்தது கப்பல். நேரத்தைக் குறைக்கிறது நம்மகிட்ட."

"ரெண்டு மணி நேரத்துல தண்ணிமலைக் கோயிலுக்கு எப்படிங்க ஏறி இறங்குறது?"

"எதுக்கு ஏறணும்? மேல் டெக்குல நின்னு ஒரு கும்பிடு போடுங்க. முருகன் அட்ஜஸ்ட் பண்ணிக்குவாரு."

சிரித்தார்கள். பிறகு மறுபடியும் கத்தினார்கள். கடைசியில் குடும்பம் குடும்பமாகப் பிரிந்து, எந்தக் கடைக்குப் போகலாம் என்று பேசத் தொடங்கினார்கள்.

அவன் தனியாக வந்தவன். சிங்கப்பூரில் வெல்டர். பயணச்சீட்டு கம்பெனி கொடுத்த பரிசு.

நேற்று இரவு சாப்பிடும்போது, அவனுக்கு எதிரே இருந்த நாற்காலியை யாரோ கேட்டு எடுத்துப் போனார்கள்.

பினாங்குப் பாலத்துக்கு அக்கரையில் இருந்த தங்கைக்குப் போன் செய்தான். இரண்டு மணி நேரம்தான் என்று சொன்னான்.

அவளுக்குப் பின்னால் கோயில் மணி கேட்டது. பாத்திரங்கள் உரசின. விருந்து தயாராகிக்கொண்டிருந்தது.

"நீ அங்கயே நில்லுண்ணே. காது குத்துற பத்தரைக் கூட்டிக்கிட்டு நாங்க வர்றோம்."

அவள் மகளுக்கு ஐந்து வயது. பள்ளிக்குப் போகிறாள். காது இன்னும் மூளி.

யார் மடியிலாவது வைத்துக் குத்திவிடலாம் என்று மாமியார் வீட்டில் வருடா வருடம் சொன்னார்கள். தங்கை கேட்கவில்லை. தாய்மாமன் இருக்கிறான். அவன் மடியில்தான்.

அவள் தானாகத் தேடிக்கொண்ட கல்யாணம். அப்பா இருந்தவரை அவள் பெயரை வீட்டில் எடுக்க முடியாது. அப்பா மாசியில் போய்விட்டார்.

அவன் துறைமுக வாசலுக்கு வெளியே நின்றான். பையில் தோடு, பட்டுப்பாவாடை, வாழைப்பழம், சர்க்கரை.

கப்பலில் வந்தவர்கள் அவனைத் தாண்டிப் போனார்கள். போனவர்களில் சிலர் அதற்குள் திரும்பியும் விட்டார்கள்.

"பாலத்துல ஜாம்ணே," என்றாள் தங்கை போனில்.

கொஞ்ச நேரம் கழித்து, "இன்னும் பாலத்துலதாண்ணே."

ஜாதிக்காய்ப் பொட்டலங்களோடு ஓர் அம்மாள் நின்றார். "தம்பி எங்கயும் போகலியா?"

"இல்லைங்க."

"நல்ல ஆளு. இந்தக் கேட்டைப் பாக்கவா இவ்வளவு தூரம் வந்தீங்க?"

கார் வந்தது.

தங்கை இறங்கினாள். அவள் முகத்தில் அம்மா இருந்தாள். அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான்.

"பாத்துக்கிட்டு நிக்க நேரமில்லண்ணே. உக்காரு."

"வாங்க மச்சான்," என்றார் அவள் கணவர். அவனோடு அவர் நேரில் பேசிய முதல் வார்த்தை அது. டிக்கியிலிருந்து பாயை எடுத்துச் சுவரோரம் விரித்தார்.

"கிழக்கு எது?" என்று பத்தர் கேட்டார்.

கப்பல் நின்ற பக்கம். சுவருக்கு மேலே அதன் வெள்ளை தெரிந்தது.

அவன் அந்தப் பக்கம் பார்த்துச் சம்மணமிட்டு உட்கார்ந்தான்.

குழந்தையை எழுப்பி இறக்கினார்கள். தலையில் பூ நசுங்கியிருந்தது. அவனைப் பார்த்ததும் அப்பாவின் காலுக்குப் பின்னால் போனாள்.

"யாருப்பா இது?"

"மாமாடி," என்றாள் தங்கை. "நம்ம மாமா."

"மாமா போன்லதானே இருக்காங்க."

தங்கை அவள் கையைப் பிடித்து இழுத்தாள். குழந்தை வீறிட்டாள். அப்பா தூக்கினார். அவள் விறைத்துக்கொண்டாள்.

"அழுதா பரவால்ல," என்றார் பத்தர். "புள்ள ஆடக்கூடாது."

கப்பல் ஊதியது.

பைகளோடு ஆட்கள் ஓடினார்கள். ஜாதிக்காய் அம்மாளும் ஓடினார். "தம்பி! படியை எடுக்கப் போறாங்க. எந்திரிங்க!"

அவனுடைய பாஸ்போர்ட் கப்பலில் இருந்தது. நாளை மறுநாள் வேலைக்குப் போக வேண்டும்.

"நீ போண்ணே," என்றாள் தங்கை. "இன்னொரு தடவை பாத்துக்கலாம்." குனிந்து பாயின் ஓரத்தைப் பிடித்தாள்.

அவன் எழவில்லை.

"மாப்பிள்ளை, கீழ விடுங்க. அவளா வரட்டும்."

கையை நீட்டவில்லை. அவளைப் பார்க்கவும் இல்லை. துண்டை மடித்து மடியில் போட்டுக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி இருந்தான்.

மறுபடியும் ஊதியது.

அழுகை விக்கலானது. விக்கலும் நின்றது.

அவள் அப்பாவின் விரலைப் பிடித்தபடியே பக்கத்தில் வந்தாள். அவன் காதை உற்றுப் பார்த்தாள். தூர்ந்துபோன துளையை விரலால் தொட்டாள்.

"உங்களுக்கும் குத்துனாங்களா?"

"ம்."

"யாரு மடியில?"

"எங்க மாமா மடியில."

அவள் யோசித்தாள். பத்தர் ஊசியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"வலிச்சுச்சா?"

சுவருக்கு மேலே தெரிந்த வெள்ளை மெல்ல நகரத் தொடங்கியது.

"கொஞ்சம்," என்றான்.

அவள் அப்பாவின் விரலை விட்டாள்.