கள்ளிப்பூவின் மேல் புளியோதரை

மேற்கு டெக்சாஸ் பாலைவனத்தில் உச்சி வெயில் காய்கிறது. தென்றலின் பழைய கேம்பர் வேன் சாலையோரம் நிற்கிறது. மடக்கு மேசையில் அவள் விரித்த கெட்டித்தாளில் ஒரு கள்ளிப்பூ, மெல்லிய பென்சில் கோடுகளாக, வண்ணத்துக்குக் காத்திருக்கிறது. விடிந்ததிலிருந்து வரைந்த கோடுகள். எதிரே நிஜப் பூ சாயங்காலத்துக்குள் வாடிவிடும். அந்த நேரம் பார்த்துத்தான் ஹூஸ்டன் பக்கத்துச் சுகர் லேண்டிலிருந்து வரும் ஒரு மினிவேன் அருகே நிற்கிறது. "தமிழாம்மா நீ?" என்கிறாள் இறங்கிய அம்மாள். பல வாரமாகத் தமிழே கேட்காத காது. தென்றல் அவர்களுக்குத் தண்ணீர் எடுத்துவர வேனுக்குள் ஓடுகிறாள். திரும்பினால், வரைந்த பூவின் மேல் புளியோதரை குவிந்து கிடக்கிறது. நல்லெண்ணெய் தாளில் ஊறிப் பரவுகிறது. இனி அதில் நீர்வண்ணம் ஒட்டாது. "சாப்பிடத்தானே பேப்பர் விரிச்சு வெச்சிருந்தே? நல்ல கெட்டிப் பேப்பர்" என்கிறாள் அம்மாள், கரண்டியும் கையுமாக. "அது நான் வரைஞ்ச படம் ஆன்ட்டி." அம்மாள் குனிந்து கண்ணைச் சுருக்குகிறாள். வெயில் கூச்சத்தில் கோடு தெரியவில்லை. "படம் எங்கேம்மா இருக்கு?" "நீ சாஃப்ட்வேர்தானே?" என்கிறார் வண்டி ஓட்டி வந்த அவள் கணவர். "விட்டுட்டேன் அங்கிள். வேன்லயே சுத்தி இதைத்தான் வரையறேன்." "கள்ளியையா? எங்க பக்கம் ஆடுகூட அதைச் சீந்தாது." அவரே சிரித்துக்கொள்கிறார். வாய்வரை வந்த வசவைத் தென்றல் பல்லைக் கடித்து அடக்குகிறாள். "சரி கிளம்பலாம், இருட்டறதுக்குள்ள எல் பாசோ போகணும்." அவர் கையில் கார் சாவி குலுங்குகிறது. சாலை இரண்டு பக்கமும் ஆளில்லாமல் நீள்கிறது. இவர்கள் போனால் மறுபடி தமிழ் கேட்க எத்தனை வாரமோ. தென்றல் அவசரமாக ஒரு கவளத்தை விழுங்கிவிட்டு, தாளை இரண்டு கையாலும் ஏந்தி நீட்டுகிறாள். "ஆன்ட்டி, இன்னும் கொஞ்சம் போடுங்க."