செவுள் வைத்துக்கொண்ட அமலோற்பவம்

கடல் பூங்காவில் கடற்கன்னி வேலைக்காக அமலோற்பவம் கழுத்தில் செவுள் வைத்துக்கொண்டு நான்கு வருஷமாகிறது. இனி அவளால் தண்ணீருக்கு வெளியே மூச்சுவிட முடியாது. மகள் ஜெர்லினைப் பெரிய பள்ளியில் படிக்கவைக்கத்தான் சம்மதித்தாள்.

அந்தப் பள்ளியின் சுற்றுலாவில் ஒருநாள் ஜெர்லினும் வந்தாள். மகளைக் கண்டதும் அமலோற்பவம் பாய்ந்து நீந்தி வந்து, தொட்டியின் கண்ணாடியோடு ஒட்டி நின்று கையாட்டினாள்.

"அந்தக்கா உன்னையே பார்த்துக் கையாட்டுறாங்கடி! தெரிஞ்சவங்களா?" என்றாள் தோழி.

பார்வையாளர் பேசுவது தொட்டிக்குள் கேட்கும்படி ஒலிபெருக்கி வைத்திருந்தார்கள்.

ஜெர்லின் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "ச்சீ, எனக்கு எப்படித் தெரியும்? அது எல்லாருக்கும் அப்படித்தான் கையாட்டும்."

அமலோற்பவத்தின் கை அப்படியே நின்றது. பிறகு, மகள் சொன்னது பொய்யாகிவிடக் கூடாதென்று, வரிசையில் நின்ற பிள்ளைகள் ஒவ்வொருவரிடமாக நீந்திப் போய்ச் சிரித்துக் கையாட்டினாள்.