கும்மியில் வந்த கணக்கு

“பிள்ளைகளைக் கும்மியடிக்க வச்சு வாய்ப்பாடு சொல்லிக் குடுக்குதாரு சார். அந்த நாடக வாத்தியாரை நிப்பாட்டுங்க” என்றாள் கணக்கு டீச்சர் வித்யாலக்ஷ்மி.

தலைமையாசிரியர் சிரித்தார். “வாயே திறக்காத மகாராஜன் இப்பப் பதினாறாம் வாய்ப்பாடு சொல்லுதானே டீச்சர்.”

அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. தொண்டை கிழியக் கத்தியும் தன்னிடம் சொல்லாதவன், நேற்று வந்தவரிடம் சொல்லிவிட்டான்.

“நீங்களே அவர்ட்டச் சொல்லுங்களேன்.”

“நாங்க பேசி ஒரு வாரமாச்சு சார்.”

“பேசாமத்தான் தெனமும் அவரு ஸ்கூட்டர்ல வாரீங்களாக்கும்?”

சாயங்காலம் ஆற்றுப்பாலத்தில் ஸ்கூட்டர் ஏறியபோது, அவள் கணவரின் தோளைத் தொட்டாள்.

“அந்தக் கும்மிப் பாட்டை எனக்கும் சொல்லித் தாங்க. மகாராஜன் என் கிளாஸ்லயும் வாயைத் திறக்கட்டும்.”