கும்பிடு லைன்

இன்னும் ஒரே ஒரு கேட்தான் பாக்கி.

அவன் கடைசிப் பெட்டியின் வாசலில் கம்பியைப் பிடித்தபடி நின்றான். கையில் கேட் சாவி. தொண்டையில் ஒரு வார்த்தை. மாதக்கணக்கில் அங்கேயே இருக்கிறது. வெளியேயும் வர மாட்டேன் என்கிறது, உள்ளேயும் போக மாட்டேன் என்கிறது.

இந்தத் தடத்துக்கு ரயில்வே வைத்த பெயர் நீளமானது. அது யாருக்கும் ஞாபகம் இல்லை.

ஊர் வைத்த பெயர் கும்பிடு லைன்.

வழியில் தென்படுகிற பிள்ளையாருக்கெல்லாம் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கிற பெரியம்மாவைப் போல, இந்த வண்டி ஒவ்வொரு கேட்டிலும் நின்று ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் நகரும். "கும்பிடு கெளம்பிருச்சா?" என்றுதான் போனில் கேட்பார்கள். பக்கத்துத் தடத்துக்குக் கொட்டாவி லைன் என்று பெயர். அதற்கடுத்தது மாமியார் லைன். எப்போது வரும் என்று தெரியாது, வந்தால் லேசில் கிளம்பாது.

எல்லாம் செல்லம்தான். வெளியூர்க்காரன் எவனாவது கேலி பேசினால் மட்டும் சட்டையைப் பிடித்துவிடுவார்கள்.

வண்டி நிற்பதற்குக் காரணம் இருக்கிறது. இங்கே கேட்டுக்குக் கேட் ஆள் கிடையாது. ஆளை வண்டியே ஏற்றிக்கொண்டு போகிறது.

முதல் பெட்டியில் அவள், மங்கையர்க்கரசி. கேட்டுக்கு முன்னால் வண்டி நிற்கும். அவள் இறங்கி ஓடி, கேட்டை மூடிப் பூட்டி, பச்சைக் கொடி காட்டிவிட்டு ஏறிக்கொள்வாள். வண்டி மெல்லக் கடந்து மறுபடியும் நிற்கும். கடைசிப் பெட்டியிலிருந்து அவன் இறங்குவான். பூட்டைத் திறந்து, கேட்டைத் திறந்துவிட்டு ஏறிக்கொள்வான்.

அவள் மூடியதை அவன் திறக்க வேண்டும். நாள் முழுக்க அதுதான் வேலை.

பூட்டைத் தொடும்போது அவள் கைச்சூடு தெரிவதாக நினைத்துக்கொள்வான். அது வெயிலின் சூடு. காதலிக்கிறவனிடம் போய் இதை யார் சொல்வது?

ஆளைப் பார்க்க முடியாது. நடுவில் மொத்த வண்டியும் இருக்கிறது.

வண்டி திரும்புகிற ஸ்டேஷனில் மட்டும் இருவரும் இடம் மாறுவார்கள். அவள் அந்தக் கோடிக்கு, இவன் இந்தக் கோடிக்கு. பிளாட்பாரத்தின் நடுவில் நேருக்கு நேர் வருவார்கள்.

"டீ சாப்டீங்களா?" என்பான்.

"சாப்டேன்" என்பாள்.

அவ்வளவுதான். அடைமழையானாலும் பொங்கலானாலும் இதேதான். நல்ல பிள்ளை, வேலையில் புலி, இந்த விஷயத்தில் மட்டும் சரியான தத்தி.

இன்று காலை உத்தரவு வந்துவிட்டது. நாளையிலிருந்து மங்கையர்க்கரசிக்கு மெயின் லைனில் வேலை. அங்கே எல்லாம் எக்ஸ்பிரஸ். ஒன்றுகூட நின்று கும்பிடாது.

வண்டி கடைசியாகத் திரும்பியபோது பிளாட்பாரத்தின் நடுவில் அவள் வழக்கத்தைவிட மெதுவாக வந்தாள். ஜன்னலெல்லாம் தலை. மொத்த வண்டியும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது.

"டீ சாப்டீங்களா?" என்றான்.

வண்டியே தலையில் அடித்துக்கொண்டது.

மீன்கூடையோடு வருகிற ரெத்தினம் அக்காவால் பொறுக்க முடியவில்லை. "ஏந்தம்பி, வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்க?"

இப்போது அவன் பக்கத்தில் நிற்கிற கார்டு லூர்துசாமியும் தன் பங்குக்குச் சொன்னார். "நாளைக்கு மூடுறதுக்கு வேற ஆளு வருதுடா தம்பி. மீசை வச்ச ஆளு."

அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

வண்டி நின்றது. கடைசி கேட். பக்கத்திலேயே மீன் காயப்போடுகிற களம் இருப்பதால் இதற்குக் கருவாட்டு கேட் என்று பெயர். இந்நேரம் அவள் இறங்கியிருப்பாள். மூடியிருப்பாள். கொடி காட்டியிருப்பாள். முடிந்தது.

வண்டி மெல்ல நகர்ந்து, கேட்டைக் கடந்து, நின்றது.

அவன் குதித்தான்.

கேட் கம்பத்தின் பக்கத்தில் மங்கையர்க்கரசி நின்றுகொண்டிருந்தாள்.

வண்டியில் ஏறவில்லை.

கொடியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்திருந்தாள். நெற்றியெல்லாம் வியர்வை. அவளுக்கும் பயமாகத்தான் இருந்தது. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"ஐயோ, வண்டி..." என்றான்.

"டிரைவர்ட்ட சொல்லிட்டுத்தான் நின்னேன். வண்டி நிக்கும்" என்றாள். "நீங்க சொல்லுங்க."

அவன் திரும்பிப் பார்த்தான். கருவாட்டு கேட்டில் வண்டி நின்றால் மூக்கைப் பொத்திக்கொண்டு "போங்கப்பா, போங்கப்பா" என்று கத்துகிற கூட்டம் அது. இன்று ஒருவர் வாயிலிருந்தும் சத்தம் இல்லை. லூர்துசாமி ரொம்ப மும்முரமாக அந்தப் பக்கம் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் வெறும் சீமைக்கருவேலம்.

மூடிய கேட்டுக்கு வெளியே வைக்கோல் ஏற்றிய டிராக்டர் ஒன்று ஹாரன் அடித்தது.

"யோவ், செத்த சும்மா இருய்யா!" என்று ஜன்னலிலிருந்து ரெத்தினம் அக்கா ஒரு போடு போட்டாள்.

டிராக்டர்காரர் கேட் பக்கத்தில் நிற்கிற இருவரையும் பார்த்தார். என்ஜினை அணைத்தார்.

அவன் பூட்டைப் பார்த்தான். கையிலிருந்த சாவியைப் பார்த்தான்.

சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, அவள் நின்ற இடத்துக்கு நடந்தான்.